விட மனமில்லாத சுருள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நம் இயற்பியல் ஆய்வகத்தில், சன்னலை ஒட்டிய மேசையின்மேல், இரும்புத் தாங்கி ஒன்றில் தலைகீழாகத் தொங்கும் செம்புக் கம்பிச் சுருளை நண்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். கணிப்பொறியில் ஒரு பொத்தானைத் தட்டினால், அச்சுருள் கவ்விப் பிடித்திருக்கும் எஃகுக் குண்டைக் கீழே போடும். குண்டு விழுந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்பது உடனே திரையில் தெரியும். இவ்வளவுதான் சங்கதி. பார்ப்பதற்குப் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆயினும் இதை ஒழுங்காக வேலை செய்ய வைக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அதற்குள் ஒரு டிரான்சிஸ்டர் எரிந்தது. புவியீர்ப்பு முடுக்கம் 9.2 என்று வந்தது. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது கடைசியில்தான் விளங்கிற்று. அதை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

முதலில் சுருளைப் பற்றிச் சிறிது காண்போம். வரிச்சுருள் என்பது குழாய் வடிவில் சுற்றப்பட்ட காப்பிட்ட கம்பி. 'சொலினாய்டு' என்ற பெயரை அதற்குச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர். கிரேக்க மொழியில் குழாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதை எடுத்தார். கம்பியில் மின்னோட்டம் சென்றால் சுருள் காந்தமாகும். நடுவில் இரும்பு இருந்தால் காந்த வலிமை பன்மடங்கு பெருகும். இப்படி இரும்பின்மேல் கம்பி சுற்றி மின்காந்தம் செய்து 1825-இல் உலகுக்குக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஸ்டர்ஜன். இன்று வீட்டு வாசலில் 'டிங் டாங்' என்று ஒலிக்கும் அழைப்பு மணி, லாரியின் ஸ்டார்ட்டர், தோட்டத்து மோட்டார் பெட்டிக்குள் 'டக்' என்று இழுத்துக்கொள்ளும் காயில், சலவை இயந்திரத்தில் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு ஆகிய அனைத்தும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

என் தந்தையார் மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்பவர். எங்கள் ஊர்ப்பக்கம் கிணற்று மோட்டார் 'புகைந்துவிட்டது' என்றால் அவரிடம்தான் வரும். முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது, தகப்பனாருக்கு என்ன வேலை என்று வகுப்பில் கேட்டவர்களிடம் 'எலக்ட்ரிக்கல் கடை' என்று சொல்லி வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை. மேலே சொன்ன சுருளைக் கட்டிக் கொடுத்தவர் அவரே. எட்டு மில்லி மீட்டர் போல்ட் ஒன்றின்மேல் 30 கேஜ் எனாமல் கம்பியைக் கையாலேயே வரிசை பிசகாமல் அடுக்கடுக்காய்ச் சுற்றி, நூல் கொண்டு முடி போட்டு, வார்னிஷ் பூசிக் கொடுத்தார். மின்தடை 24 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் அரை ஆம்பியர் ஓடும்.

இனி, கணிப்பொறி இந்தச் சுருளை எவ்வாறு ஆள்வது? கணிப்பொறிக்கு எண்களைத்தான் தெரியும். வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குத் தெரியா. எண்ணை மின்னழுத்தமாகவும் மின்னழுத்தத்தை எண்ணாகவும் மாற்றித்தர நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அதற்குத்தான் தரவு சேகரிப்புக் கருவி என்று பெயர். நம் துறையில் இருப்பது 'எக்ஸ்ப்ஐஸ்' என்னும் சிறு பெட்டி. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில், 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தின் கீழ், மாணவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. அதன் மின்சுற்று வரைபடம் யாவருக்கும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை 12 பிட் எண்ணாக, அதாவது 4096 படிகளில் ஒன்றாக, அது கணிப்பொறிக்குச் சொல்லும். கணிப்பொறி 'ஒன்று' என்றால் தன் வெளியீட்டு முனையில் 5 வோல்ட் வைக்கும். 'சுழி' என்றால் அதை எடுத்துவிடும். பைத்தான் மொழியில் இதற்கு ஒரே ஒரு வரி போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குண்டு விழும் நேரத்தைக் கணிப்பொறியே அளப்பதில்லை. கணிப்பொறி ஒரே சமயத்தில் நூறு வேலை பார்ப்பது. நாம் 'இப்போது விடு' என்று சொன்ன பிறகும் வேறொன்றை முடித்துவிட்டு வரக்கூடும். ஆகையால், 'முனையைச் சுழியாக்கு. அந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கு. கீழே இருக்கும் தகடுகள் தொட்டுக்கொண்டதும் நிறுத்து' என்ற கட்டளை முழுவதையும் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். பெட்டிக்குள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி வேறு சிந்தனையின்றி மைக்ரோ விநாடிகளை எண்ணி விடை தருகிறது. கீழே இருப்பவை இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள்; குண்டு மோதினால் மேல்தகடு கீழ்த்தகட்டைத் தொடும்.

பெட்டியின் முனையிலிருந்து சில மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கலாகாது. சுருளுக்கு வேண்டியதோ அரை ஆம்பியர், அதாவது 500 மில்லி ஆம்பியர். முனையில் சுருளை நேராக மாட்டுவது, சைக்கிள் கேரியரில் நெல் மூட்டை பத்தை ஏற்றுவது போன்றதாகும். வாய்க்காலில் வெள்ளம் எவ்வளவு போனாலும் மதகுப் பலகையைத் தூக்க ஒரு சிறுவன் போதும் அல்லவா? அந்த மதகே டிரான்சிஸ்டர். டி.ஐ.பி. 122 என்ற டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தினேன். அது வாங்கும் மின்னோட்டத்தை ஆயிரம் மடங்கு பெருக்கும் தன்மையது. சுருளின் ஒரு முனை 12 வோல்ட் மின்வழங்கிக்கு, மறுமுனை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு, எமிட்டர் தரைமுனைக்கு, பேஸ் 2200 ஓம் மின்தடை வழியாகப் பெட்டியின் வெளியீட்டுக்கு. பெட்டியின் தரைமுனையையும் மின்வழங்கியின் தரைமுனையையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இதை மறந்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். புத்தகங்களில் இதைப் படத்தில் போடுவார்கள். வாயால் சொல்ல மாட்டார்கள்.

வேலை செய்தது! குண்டு ஒட்டியது, பொத்தானைத் தட்டியதும் விழுந்தது. 30 சென்டி மீட்டர் உயரத்திலிருந்து பதினொரு முறை போட்டேன். பன்னிரண்டாம் முறை பொத்தானைத் தட்டினேன், குண்டு விழவில்லை. மறுபடி தட்டினேன். 'விட்டாயிற்று' என்றது திரை. சுருளோ குண்டைப் பிடித்தபடியே தொங்கியது. பெட்டியின் முனையில் வோல்ட் மீட்டரை வைத்தால் சுழி காட்டவேண்டிய இடத்தில் வேறு எதையோ காட்டியது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. துறைக்கு இருப்பதே இந்த ஒரு பெட்டி. முதுகலை மாணவர்களும் இதையேதான் நம்பியிருக்கிறார்கள். அது போயிருந்தால் என்ன விலை கேட்பார்கள், வீட்டில் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் அரை நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டேன்.

நல்லவேளையாகப் பெட்டிக்கு ஒன்றும் நேரவில்லை. டிரான்சிஸ்டர் உள்ளே உருகி, மூன்று கால்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தன. மதகே உடைந்தபின் பலகையை இறக்கி என்ன பயன்? 12 வோல்ட் பெட்டிக்குள் பாயாமல் காத்தது அந்த 2200 ஓம் மின்தடை. சில காசு பெறும் பொருள்.

அரை ஆம்பியருக்கு ஏன் எரிந்தது? ஐந்து ஆம்பியர் தாங்கும் என்றல்லவா அதன் விவரத்தாளில் இருக்கிறது? அன்றிரவு கடையில் தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஒரு காயிலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "போடறப்ப எரிஞ்சுதா, எடுக்கறப்ப எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எடுக்கறப்பத்தானுங்கப்பா."

"அப்ப காயிலு கடிச்சிருக்குது. கரண்டு குடுக்கறப்ப காயிலு கடிக்காது சாமி, எடுக்கறப்பத்தான் கடிக்கும். பேட்டரி வெச்சுப் பாக்கறப்பக்கூட வயரைப் பிடிச்சுட்டு எடுத்தா சுருக்குங்கும்."

பாடப் புத்தகத்தில் 'தன் மின்தூண்டல்' என்று நான் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியது அதுவேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. 1832-இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, நீண்ட கம்பிச் சுருளை மின்கலத்திலிருந்து பிரிக்கும்போது பெரிய தீப்பொறி எழுவதை எழுதி வெளியிட்டார். ஃபாரடேக்கு இதே சங்கதி 1834-இல் வேறு வழியாக வந்து சேர்ந்தது. ஜெங்கின் என்பவர், மின்காந்தத்தின் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இணைப்பைப் பிரித்தால் அதிர்ச்சி தாக்குகிறதே, ஒரே ஒரு மின்கலத்துக்கு இவ்வளவு வலிமை ஏது என்று கேட்டார். ஃபாரடே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தனி ஆராய்ச்சியே செய்தார். என் தந்தையார் ஃபாரடேயின் பெயரைக் கேள்விப்பட்டவரல்லர். ஜெங்கின் கண்டதை அவரும் தம் விரலால் கண்டிருக்கிறார்.

சுருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன்னுள் ஓடும் மின்னோட்டம் மாறுவதை அது விரும்பாது. மாற்ற முயன்றால் எதிர்த்து ஒரு மின்னழுத்தத்தை எழுப்பும். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு பெரிய எதிர்ப்பு. எதிர்ப்பின் அளவைத் தன் மின்தூண்டல் எண் என்கிறோம். அதன் அலகுக்கு 1893-இல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாட்டில் ஹென்றியின் பெயரே இடப்பட்டது. நமது சுருளை அதே பெட்டியைக் கொண்டு அளந்ததில் ஏறக்குறைய 60 மில்லி ஹென்றி வந்தது. அரை ஆம்பியரை 10 மைக்ரோ விநாடியில் நிறுத்தினால், கணக்குப்படி 3000 வோல்ட் எழவேண்டும்! உண்மையில் அவ்வளவு உயர்வதற்குள், 100 வோல்ட் மட்டுமே தாங்கும் டிரான்சிஸ்டர் உடைந்து வழிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சிறிது காயம்; பன்னிரண்டாம் முறை மரணம்.

குழல்விளக்கில் இதே குணத்தைத்தான் நன்மைக்குப் பயன்படுத்தினார்கள். எல்.இ.டி. விளக்குகள் வருவதற்குமுன் எல்லா வீட்டுக் குழல்விளக்கிலும் சோக் ஒன்று இருந்தது. அதுவும் சுருளே. ஸ்டார்ட்டர் சுற்றைத் துண்டிக்கும்போது சோக் எழுப்பும் உயர் மின்னழுத்தமே குழலைக் கொளுத்தியது. சமயத்தில் நாலைந்து முறை மினுக்கிப் பிறகு எரியுமே, அந்த ஒவ்வொரு மினுக்கும் சுருளின் ஓர் உதை.

இந்த உதையைத் தடுக்க வேண்டியதில்லை; போக ஒரு வழி விட்டால் போதும். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடை, அதன் வெள்ளிக் கோடு 12 வோல்ட் பக்கம் இருக்குமாறு, தலைகீழாக இணைக்கிறோம். கடையில் 'நாலாயிரத்து ஏழு' என்று கேட்டால் கொடுப்பார்கள். சுருள் இயங்கும்போது டயோடு ஒன்றும் செய்யாது, வாசலில் படுத்திருக்கும். மதகு மூடியவுடன், சுருள் விடாமல் தள்ளும் மின்னோட்டம் இந்த டயோடு வழியாகச் சுருளுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றி, கம்பியின் மின்தடையில் வெப்பமாகிக் கரைந்துபோகும். டிரான்சிஸ்டரின்மேல் 13 வோல்ட்டுக்குமேல் ஏறாது. டயோடு வைத்த பிறகு நூற்றுக்கணக்கான முறை குண்டைப் போட்டுவிட்டேன். புது டிரான்சிஸ்டர் சூடுகூட ஆகவில்லை.

இத்துடன் கதை முடிந்தது என்றே எண்ணினேன்.

ரெக்கார்டு நோட்டில் எழுதுவதற்காகக் கணக்கிட உட்கார்ந்தேன். உயரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் வரும். 30 சென்டி மீட்டருக்கு நேரம் 255.4 மில்லி விநாடி. விடை 9.20. மீண்டும் போட்டேன், அதே 9.20. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்பது பூமியின் கணக்கு. நம் பகுதியில் 9.78 இருக்கவேண்டும். ஆறு விழுக்காடு எங்கே போயிற்று?

மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் சுலபமான வழி சொன்னார். "247 என்று எழுதிவிடு தம்பி. யார் வந்து குண்டு போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?" நம்மில் எத்தனை பேர் ஊசலில் எத்தனை முறை இப்படி 9.8 கொண்டுவந்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும், விரிவுரையாளர்களுக்கும் தெரியும். நானும் செய்ததுண்டு. ஆனால் இந்தப் பரிசோதனையில் என் மனம் ஒப்பவில்லை. சுருள் கட்டியவரின் கையில் பிழை என்று ஆகிவிடுமோ என்ற எண்ணம் ஒன்று. எவ்வளவு முறை போட்டாலும் விடை அசையாமல் அதே இடத்தில் நின்றது மற்றொன்று. கைப்பிழையானால் முன்னும் பின்னும் ஆடும். இது ஆடவில்லை. 9.20 என்றே எழுதிக் கொண்டுபோனேன்.

எங்கள் பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதை எந்த உலகத்தில் அளந்தாய்?" என்றார். திட்டுவார் என்று நின்றேன். அவரோ, "உயரத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

60 சென்டி மீட்டரில் போட்டேன். நேரம் 358.0 மில்லி விநாடி, விடை 9.36. ஒரே அறையில், ஒரே நாளில், புவியீர்ப்பு உயரத்துக்கு உயரம் மாறுமா? மாறாது. நேரத்தில்தான் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த உயரத்திலும் ஒரே அளவாக ஒட்டும் தாமதம் என்றால், குறைந்த உயரத்தில்தான் பிழை பெரிதாகத் தெரியும்; அப்படியே தெரிந்தது. இரு நேரங்களையும் கழித்துவிட்டால் பொதுவான தாமதம் நீங்கிவிடும். கழித்துக் கணக்கிட்டேன். 9.78 வந்தது. அந்த நிமிடம் ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் சற்று வெட்கப்பட்டிருப்பேன். தாமதம் 7.7 மில்லி விநாடி.

அது எங்கிருந்து வந்தது? பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் எரிவதற்குமுன் போட்ட பதினொரு முறைகளின் சராசரி 248.9 மில்லி விநாடி; அதாவது 9.7-ஐ ஒட்டிய விடை. டயோடு இல்லாதபோது சரியாக இருந்தது, டயோடு வந்தபின் கெட்டிருக்கிறது! காரணம் இப்போது நண்பர்களே ஊகித்திருப்பீர்கள். டயோடு வழியாக மின்னோட்டம் சுற்றிச் சுற்றிக் கரைகிறதே, கரையும் வரை சுருள் காந்தமாகத்தான் இருக்கும். பெட்டி 'விட்டாயிற்று' என்று கடிகாரத்தைத் தொடங்கிவிட்டது. சுருளோ இன்னும் குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 60 மில்லி ஹென்றியை 24 ஓமால் வகுத்தால் 2.5 மில்லி விநாடி. இதுவே சுருளின் காலமாறிலி. அதைப் போல் மூன்று மடங்கு நேரத்தில் மின்னோட்டம் தொடக்க அளவில் இருபதில் ஒரு பங்காகும். ஏறத்தாழ அங்கேதான் குண்டு நழுவியிருக்கிறது.

டிரான்சிஸ்டரைக் கொன்றதும், விடையைக் கெடுத்ததும் சுருளின் அந்த ஒரே பிடிவாதம். அவசரப்படுத்தினால் உதைக்கிறது, விட்டுப்பிடித்தால் தாமதிக்கிறது.

அப்படியானால் இரண்டுக்கும் இடையில் ஒரு வழி வேண்டும். டயோடுடன் தொடராக, எதிர்த்திசையில், 33 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றைச் சேர்த்தேன். இப்போது சுருள் 34 வோல்ட்டை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். ஆகையால் அதன் ஆற்றல் விரைவில் தீர்கிறது. கணக்கின்படி முன்சொன்ன அளவுக்கு இறங்க 0.7 மில்லி விநாடியே ஆகும். டிரான்சிஸ்டரின்மேல் 46 வோல்ட் விழும். அதன் எல்லையான 100-க்கு உள்ளேயே இருக்கிறது. போல்ட்டின் இரும்பில் தங்கிவிடும் காந்தத்துக்காக, அதன் முகத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். தாமதம் 1.1 மில்லி விநாடிக்கு இறங்கியது. 30 சென்டி மீட்டரில் நேரடியாகவே 9.69 கிடைக்கிறது, இரு உயரங்களைக் கழித்தால் அதே 9.78.

மிச்சமிருக்கும் 1.1-ஐ ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். தந்தையாரிடம் சொன்னபோது, போல்ட்டுக்குப் பதிலாக டிரான்ஸ்பார்மர் தகட்டை அடுக்கிச் சுற்றினால் இன்னும் சீக்கிரம் விடும் என்றார். ஏன் என்று கேட்டேன். "சூடு கம்மியாகும்ல" என்றார். சுழல் மின்னோட்டம் என்ற பாடத்தை மறுநாள் எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரி. அடுத்த சுருள் கோடை விடுமுறையில் தயாராகும்.

அதுவரை இப்போதுள்ளதைப் பயன்படுத்தும் தம்பி தங்கைகள் சிலவற்றைக் கவனிக்கவும். குண்டைப் பிடித்த நிலையில் சுருளை அரை நிமிடத்துக்குமேல் விட்டுவைக்க வேண்டாம். 6 வாட் சூட்டில் வார்னிஷ் மணக்கத் தொடங்கும். உயரத்தை அளக்கும்போது போல்ட்டிலிருந்து அளக்காமல் குண்டின் அடிப்பாகத்திலிருந்து அளக்கவும். டயோடை மாற்ற நேர்ந்தால் வெள்ளிக் கோடு எந்தப் பக்கம் என்பதை மின்சாரம் கொடுப்பதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொள்ளவும். இரண்டு டி.ஐ.பி. 122-கள் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.